கையேடு வைத்த பெயர்தான் இயங்குதளத்தின் பெயர்… தெரியுமா?

மிக்ஸி வாங்கினால் கூடவே ஒரு கையேடு வரும். அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. வாரண்டி அட்டையோடு சேர்த்து பீரோவுக்குள் போட்டுவிடுவோம். வீடு மாறும்போது மறுபடி கண்ணில் படும். கையேடு என்றால் நமக்கு அவ்வளவுதான். ஆனால், கணினி உலகில் ஒரு கையேடு இருந்தது. அதன் எத்தனையாவது பதிப்போ, அதுவே இயங்குதளத்தின் பெயர்! "ஆறாம் பதிப்பு யூனிக்ஸ்", "ஏழாம் பதிப்பு யூனிக்ஸ்" என்று கணினிக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்களே, அந்த ஆறும் ஏழும் மென்பொருளின் எண் இல்லை. புத்தகத்தின் எண்! மென்பொருள் நாள்தோறும் மாறிக்கொண்டே இருந்தது. எப்போது கையேட்டைப் புதிதாக அச்சடித்தார்களோ, அப்போதுதான் 'இது ஒரு பதிப்பு' என்று கணக்கு. பிள்ளையை அதன் ஜாதக நோட்டின் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி!

முதல் பதிப்பில் அச்சாகியிருக்கும் தேதி 3 நவம்பர் 1971. இடம், அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில். பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடம். எழுதியவர்கள் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி. யூனிக்ஸைப் படைத்த அதே இருவர். அவர்கள் கையில் இருந்த கணினியின் நினைவகம் எவ்வளவு தெரியுமா? 24 கிலோபைட்! அதில் 16 இயங்குதளத்துக்கே போய்விடும். மிச்சமிருந்த 8-இல்தான் மற்ற எல்லா வேலையும். காலையில் வாட்ஸாப்பில் வந்து விழும் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ படம் அதைவிடப் பல மடங்கு பெரிது.

அந்தக் கணினி வந்த கதை இன்னும் வேடிக்கை. 'மல்டிக்ஸ்' என்ற பெரிய இயங்குதளத் திட்டத்தில் சேர்ந்து கையைச் சுட்டுக்கொண்டு 1969-இல் விலகியிருந்தது பெல் லேப்ஸ். மறுபடியும் இயங்குதளம் என்று வாயைத் திறந்தால் மேலிடம் காசு தராது. அதனால், 'ஆவணங்களைத் தட்டச்சு செய்து அழகாக அச்சிட ஓர் ஏற்பாடு செய்து தருகிறோம்' என்று சொல்லிக் கணினியை வாங்கினார்கள். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார்கள். 1971-இன் பிற்பாதியில் காப்புரிமைத் துறையைச் சேர்ந்த மூன்று தட்டச்சர்கள் நாள் முழுக்க அதில் உட்கார்ந்து விண்ணப்பங்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆக, யூனிக்ஸைத் தேடி வெளித்துறையிலிருந்து வந்த முதல் ஆட்கள் விஞ்ஞானிகள் இல்லை, டைப்பிஸ்ட்டுகள்! அவர்களுக்குக் கைகொடுத்த 'ராஃப்' என்ற கருவியில்தான் யூனிக்ஸின் சொந்தக் கையேடும் தயாரானது. ஒரு வரி புள்ளியில் தொடங்கினால் அது அச்சுக்கான கட்டளை என்பது அதன் வழக்கம். 1964-இல் எம்ஐடி-யில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய 'ரன்ஆஃப்' நிரலின் காலத்து வழக்கம் அது. இன்று நீங்கள் லினக்ஸ் இயங்குதளத்தில் திறக்கிற உதவிப் பக்கத்துக்குள்ளும் அதே புள்ளிதான் உட்கார்ந்திருக்கிறது. அறுபது வருடப் புள்ளி!

சரி, இப்போது சொல்லப்போவதுதான் என்னை உண்மையிலேயே அசர வைத்தது. அந்த 1971 கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். பெயர், பயன்படுத்தும் விதம், விளக்கம் என்று போகும். கடைசியில் ஒரு தலைப்பு: 'பக்ஸ்'. அதாவது, குறைகள். இந்த நிரலில் இன்ன ஓட்டை இருக்கிறது, இன்ன இடத்தில் சொதப்பும் என்று எழுதியவர்களே அச்சில் ஒப்புக்கொள்கிறார்கள்! எந்த மிக்ஸி கம்பெனியாவது கையேட்டில் 'எங்கள் மூடி சில சமயம் கழன்று சட்னி தெறிக்கும்' என்று போடுமா? அதோடு நிற்கவில்லை. நிரலுக்குப் பொறுப்பாளர் யார் என்பதும் பக்கத்திலேயே இருந்தது. கென், டிஎம்ஆர் என்று அவர்கள் கணினிக்குள் நுழையும் பெயரிலேயே. குறை இருந்தால் நேரே போய் அவர் மேசையைத் தட்ட வேண்டியதுதான்.

கையேடு வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் அவர்களுடைய துறைத் தலைவர் டக் மக்கில்ராய். அதன் விளைவு யாரும் எதிர்பாராதது. ஒரு நிரலைப் பற்றி எழுத உட்காருவார்கள். விளக்கம் கோணல்மாணலாக வரும். 'இப்படிச் செய்தால் இது நடக்கும், ஆனால் அப்போது மட்டும் நடக்காது, அதற்குப் பதில்…' என்று இழுக்கும். இந்த அசிங்கத்தை எழுதிவைப்பதற்குப் பதில் நிரலையே திருத்திவிடலாமே என்று எழுந்து போய்த் திருத்திவிடுவார்கள்! குறைகளின் பட்டியல் நீளாமல் இருந்ததற்கு வெட்கமும் ஒரு காரணம். கணினியை விளக்கக் கையேடு எழுதினார்கள். கையேட்டில் விளக்க முடியவில்லை என்பதற்காகவே கணினி திருந்தியது.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். நியூசிலாந்துக்காரர் மைக்கேல் கெரிஸ்க் 2004 முதல் பல ஆண்டுகள் லினக்ஸின் உதவிப் பக்கங்களைப் பராமரித்தவர். ஒவ்வொரு வசதியையும் எழுதும் முன் சின்னச் சின்ன நிரல்களால் சோதித்துப் பார்ப்பார். அப்படிப் பார்த்ததில் லினக்ஸின் கருவான கெர்னலிலேயே பிழை மேல் பிழை அகப்பட்டது! எழுதப் போனவர் பிழை பிடிப்பவராகவும் ஆனார். அந்த அனுபவத்தில் 2010-இல் அவர் எழுதிய 'தி லினக்ஸ் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ்' 1,500 பக்கங்களைத் தாண்டும். தலைக்கு வைத்துப் படுக்கலாம். கழுத்து வலித்தால் நான் பொறுப்பில்லை. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே கையேட்டில் தவறு இருந்தால் அது நிரலில் இருக்கும் பிழைக்குச் சமம். 'சும்மா எழுத்துப்பிழைதானே' என்கிற பேச்சுக்கே இடமில்லை.

பெல் லேப்ஸ்காரர்களுக்காவது மாதச் சம்பளம் வந்தது. சம்பளமே இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கையேடு எழுதியவர்கள் கதை தெரியுமா?

1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் செய்துகொண்டிருப்பதாக அறிவித்தார். அதுதான் லினக்ஸ். அடுத்த ஆண்டே 'லினக்ஸ் ஆவணத் திட்டம்' பிறந்துவிட்டது. மேட் வெல்ஷ், லார்ஸ் வீர்செனியஸ், ஓலாஃப் கிர்ச் என்று நாட்டுக்கொருவர். லார்ஸ் கணினி நிர்வாகத்துக்கு எழுதினார். ஓலாஃப் பிணையத்துக்கு எழுதினார். ஓலாஃபின் நூலை ஓரெய்லி நிறுவனம் அச்சிட்டு விற்றது. அதே நூல் இணையத்தில் இலவசமாகவும் கிடைத்தது! ஓசியில் கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார் என்று நம் பதிப்பாளர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் திட்டத்தின் பெருமை 'ஹவ்டூ'க்கள். ஒரு வேலை, ஒரு வழிகாட்டி. பிரிண்டர் ஓட வைப்பது எப்படி, மோடம் பேச வைப்பது எப்படி என்று போகும் அந்த வரிசையில் ஒன்று, லினக்ஸ் கணினியை வைத்துக் காபி போடுவது எப்படி என்பது! சத்தியமாக. காபி மெஷினைக் கணினியோடு இணைத்து அணைத்துப் போடும் மின்சுற்று வரை அதில் உண்டு. டிகிரி காபி பற்றி ஒரு வரியும் கிடையாது என்பது மட்டும்தான் என் வருத்தம்.

இன்னொன்று. இயங்குதளத்துக்குக் கையேடு கேள்விப்பட்டிருப்பீர்கள். கையேடே இயங்குதளமாக இருப்பது? 1999-இல் கெரார்ட் பேக்மன்ஸ் தொடங்கிய 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' அப்படித்தான். நிறுவுவதற்கான வட்டு எதுவும் கிடையாது. கையில் கிடைப்பது ஒரு புத்தகம். அதைப் படித்துக்கொண்டே ஒவ்வொரு துண்டாக மூலநிரலிலிருந்து நீங்களே கட்ட வேண்டும். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது உங்கள் முன்னால் ஓர் இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும். சமையல் குறிப்பு மட்டும் கொடுத்து, அடுப்பையும் நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்கிற ரகம்.

ஜெராக்ஸ் கடையில் வாழ்ந்த வழிகாட்டியும் ஒன்று உண்டு! சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர். 1970-களின் நடுவில் தன் மாணவர்களுக்காக ஆறாம் பதிப்பு யூனிக்ஸின் மூலநிரலை வரி வரியாக விளக்கி உரை எழுதினார். நம் ஊர் உரையாசிரியர்கள் செய்யுளுக்குச் செய்ததை அவர் நிரலுக்குச் செய்தார். 1979-இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று உரிமத்தில் தடை வந்தது. புத்தகம் தலைமறைவானது. நகலின் நகலின் நகலாக உலகம் முழுக்க மாணவர் கைகளில் ஓடியது. முறையாக அச்சில் வெளிவந்தது 1996-இல்! பதினேழு ஆண்டு ஜெராக்ஸ் வாழ்க்கை. அந்தத் தடையால் ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானென்பாம் பாடம் நடத்த வழியில்லாமல் தானே ஓர் இயங்குதளம் எழுதினார். 1987-இல் வந்த அதன் பெயர் மினிக்ஸ். அந்த மினிக்ஸைத் தன் கணினியில் போட்டுப் பார்த்த மாணவர்தான் ஹெல்சிங்கியின் லினஸ். ஒரு வழிகாட்டியைப் பூட்டிவைக்கப் போய் என்னவெல்லாம் திறந்துகொண்டது, பாருங்கள்!

விக்கிப்பீடியாவுக்கும் இதற்கும் உறவு உண்டு என்றால் நம்புவீர்களா? மென்பொருள் கையேடுகளை யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், ஆனால் திருத்தியதையும் அதே உரிமையோடு பிறருக்குத் தர வேண்டும் என்று கட்டற்ற மென்பொருளுக்கான ரிச்சர்ட் ஸ்டால்மனின் ஜிஎன்யு இயக்கம் 2000 மார்ச்சில் ஓர் உரிமம் வெளியிட்டது. அடுத்த ஜனவரியில் பிறந்த விக்கிப்பீடியா அதையே எடுத்துப் போர்த்திக்கொண்டது. 2009 வரை விக்கிப்பீடியாக்கள் எல்லாம், 2003-இல் தொடங்கிய நம் தமிழ் விக்கிப்பீடியா உட்பட, மென்பொருள் கையேட்டுக்காகத் தைத்த சட்டையில்தான் நடமாடின!

விக்கிக்காரர்கள் பட்ட கடனைத் திருப்பியும் கொடுத்துவிட்டார்கள். 2002-இல் பிறந்த ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் உதவிக் களஞ்சியமான 'ஆர்ச் விக்கி' ஓடுவது விக்கிப்பீடியாவுக்காக எழுதிய அதே மென்பொருளில்தான். யார் வேண்டுமானாலும் பக்கத்தைத் திருத்தலாம். ஆர்ச் பக்கமே எட்டிப் பார்க்காத உபுண்டு, டெபியன் போன்ற பிற லினக்ஸ்காரர்களும் சிக்கல் வந்தால் முதலில் ஓடிப் பார்ப்பது அங்கேதான். பக்கத்து வீட்டுக் கிணறு! ஆனால் கிணறு வற்றவும் செய்யும். ஜென்டூ என்ற இன்னொரு லினக்ஸுக்கு ஆர்வலர்கள் நடத்திய ஒரு விக்கி, ஒரு காலத்தில் இப்படித்தான் கொடிகட்டிப் பறந்தது. 2008-இல் சேமித்தது மொத்தமும் அழிந்துபோனது. காப்பு நகல் கைவசம் இல்லை. தேடுபொறிகள் தற்காலிகமாக எடுத்துவைத்திருந்த பிரதிகளிலிருந்து பக்கம் பக்கமாகப் பொறுக்கினார்கள். 'பேக்கப் எடுங்கள்' என்று ஊருக்குச் சொல்லும் கூட்டத்துக்கே அந்த கதி.

சிரிக்க ஒன்று. லினக்ஸில் உதவிப் பக்கம் வேண்டுமானால் 'மேன்' என்று தட்ட வேண்டும். 'மேனுவல்' என்பதன் சுருக்கம். அந்த நிரலைப் பராமரித்தவர் 2011-இல் சத்தமில்லாமல் ஒரு குறும்பு செய்துவைத்தார். நள்ளிரவு சரியாக 12.30-க்கு, என்ன பக்கம் வேண்டும் என்று சொல்லாமல் 'மேன்' என்று மட்டும் தட்டினால், திரையில் 'கிம்மி கிம்மி கிம்மி' என்று வரும்! நள்ளிரவுக்குப் பின் ஓர் ஆண்மகன் வேண்டும் என்று ஏங்கும் ஆபா குழுவின் 1979-ஆம் ஆண்டுப் பாடல் அது. அங்கே 'மேன்' ஆண், இங்கே 'மேன்' கையேடு. ஆறு வருடம் யாருக்கும் தெரியவில்லை. 2017-இல் ஒருவருடைய தானியங்கிச் சோதனை நள்ளிரவு 12.30-க்கு மட்டும் தவறாமல் தோற்றுப்போக, காரணம் புரியாமல் அவர் மண்டையை உடைத்துக்கொண்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. குறும்பை நீக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால் விட்டுவைத்திருக்கலாம்.

நம் வீட்டுக்கும் வருவோம். 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழைச் சுற்றியிருந்தவர்கள் லினக்ஸையும் பிற கட்டற்ற மென்பொருட்களையும் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் மின்னூல்களாக்கிக் கட்டணமின்றித் தந்தார்கள். கணினி அறிவியல் படிக்கிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவை தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். என் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. 'டிஎல்டிஆர்' என்றொரு திட்டம். நீண்ட உதவிப் பக்கத்தைப் படிக்கப் பொறுமையில்லாதவர்களுக்காக, ஒரு கட்டளைக்கு அதிகபட்சம் எட்டே எடுத்துக்காட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். எல்லாம் தன்னார்வலர்கள் எழுதுவது. அங்கே தமிழுக்கும் ஒரு கோப்புறை இருக்கிறது, தெரியுமா? ஆனால் ஆங்கிலத்தில் இருக்கும் பக்கங்களோடு பார்த்தால் தமிழில் வந்தவை ரொம்பக் குறைவு. ஒரு பக்கத்தைத் தமிழாக்க ஒரு தம்ளர் காபி குடிக்கும் நேரம் போதும். உங்களுக்குத் தெரிந்த ஒரு கட்டளையை எடுத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை உட்காருங்களேன்.