தெளிவான குவளை சூட்டில் நெளிவது ஏன்?

குளிர்பானம் வாங்கிய பிளாஸ்டிக் குவளையைக் கழுவி வைத்து, பிறகு அதில் சூடான கோப்பியை ஊற்றினால் சில குவளைகள் உடனே நெளிந்துவிடும். மீ சூப் பொட்டலமிட்டுத் தரும் டப்பாவோ அதே சூட்டைத் தாங்கி நிற்கும். பிளாஸ்டிக்கின் வகையும் அதன் உள்ளே மூலக்கூறுகள் அமைந்திருக்கும் விதமுமே இதற்குக் காரணம்.

பிளாஸ்டிக் என்பது நூல்போல் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் தொகுப்பு. உருகிய நிலையிலிருந்து ஆறும்போது, பல வகைகளில் சங்கிலிகளின் ஒரு பகுதி ஒழுங்காக மடிந்து படிகமாகிறது. எஞ்சியது சிக்குண்ட நூற்கண்டாகவே உறைந்துவிடுகிறது. படிகப் பகுதி வெப்பத்தை அதிகம் தாங்கும். சிக்குண்ட பகுதி முன்னதாகவே இளகிவிடும்.

மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றின் சர்க்கரையிலிருந்து தயாராகும் பிஎல்ஏ பிளாஸ்டிக் மெதுவாகவே படிகமாகும். அச்சில் விரைவாகக் குளிர்வதால் அதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை. அதனால் குவளை தெளிவாக இருந்தாலும், ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்குகிறது.

இதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. டால்க் எனும் கனிமத்தூளைச் சிறிதளவு சேர்த்தால், அதன் துகள்களைப் பிடித்துக்கொண்டு படிகங்கள் விரைவாக வளரும். இளக்கும் பொருள்களைக் கலந்தால் சங்கிலிகள் எளிதாக நகர்ந்து அடுக்கிக்கொள்ளும். ஆனால், அவை அதிகமானால் பொருளின் விறைப்பு குறையும். மற்றொரு வழி கலப்பு. வலக்கை, இடக்கைபோல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இருவகை பிஎல்ஏக்களைக் கலந்தால் அவை இறுகப் பிணைந்து, தனி வகையைவிட ஏறத்தாழ 50 டிகிரி கூடுதல் வெப்பத்தில் உருகும் படிகங்களை உருவாக்குகின்றன.

பாலிபுரோப்பிலீன் டப்பாக்களில் சிக்கல் வேறு. அது தானாகவே படிகமாகும். ஆனால் பெரிய படிகத் திரள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் டப்பா மங்கலாகத் தெரியும். சார்பிட்டால் வகைச் சேர்பொருள்கள் எண்ணற்ற நுண்படிகங்களை உருவாக்குவதால் டப்பா தெளிவாகிறது, வெப்பத்தையும் தாங்குகிறது.

ஆகவே, தெளிவை மட்டும் பார்த்து டப்பாவின் தாங்குதிறனை முடிவு செய்ய இயலாது. அடியிலுள்ள முக்கோணத்தில் 5 என்றிருந்தால் அது பாலிபுரோப்பிலீன். 1 என்றால் தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பயன்படும் பெட். பிஎல்ஏ பெரும்பாலும் 7 எனும் 'பிற வகை' எண்ணில் அடங்கும். அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்லும். அதில் கலந்த சேர்பொருள்களைச் சொல்லாது. நுண்ணலை அடுப்பில் வைப்பதற்கோ சூடான உணவை ஊற்றுவதற்கோ முன், அதற்கு உகந்தது எனும் குறிப்பு டப்பாவில் உள்ளதா என்று பார்ப்பதே பாதுகாப்பு.