ஒரே பொத்தானில் ஐந்து வெளிச்சம்: டார்ச் வாங்குபவர் கேட்க வேண்டியவை

சின்ன எல்இடி டார்ச் வாங்கப் போகிறவர் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எவ்வளவு தூரம் அடிக்கும்? பொத்தானை அழுத்தியதும் முதலில் எந்த வெளிச்சம் வரும் என்று யாரும் கேட்பதில்லை. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து ராத்திரியில் மோட்டார் போட வரப்பில் நடப்பவருக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். காரணம், பாம்பு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். பாம்புக்கடிக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கண்ணாடி விரியனோ சருகோடு சருகாக அசையாமல் கிடக்கும். காலடியில் நிலையான வெளிச்சம் விழுவதுதான் பாம்புக்கடிக்கு முதல் தடுப்பு. அதனால் டார்ச்சை ஒரு பாதுகாப்புக் கருவியாகவே பார்க்க வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச் மோசமாக வடிவமைக்கப்பட்டிருந்தால் அது பொருளின் குறைபாடு. வாங்கியவர் அதைக் கேள்வி கேட்கலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

விலை குறைந்த டார்ச்சுகளில் ஒரே பொத்தானை அழுத்தி அழுத்தி அதிகம், நடுத்தரம், குறைவு, விட்டுவிட்டு மின்னுவது, எஸ்ஓஎஸ் என்ற ஆபத்துக்கால சைகை என்று ஐந்து நிலைகளைச் சுற்றி வர வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் சின்ன சிப், மின்சாரம் ஒரு கணம் தடைபட்டதை வைத்து அடுத்த நிலைக்குத் தாவுகிறது. கோளாறு அங்கேதான். பொத்தானைப் பாதி அழுத்தி நிலையை மாற்றுவதும், டார்ச்சை அணைத்து அரை மணி கழித்து மறுபடி போடுவதும் வேறு வேறு செயல்கள். பல மலிவு சிப்புகள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு முறை போடும்போதும் அடுத்த நிலையில் எரிகின்றன. இப்போது அதிகம் என்றால் அடுத்த முறை நடுத்தரம், இன்னும் இரண்டு முறை போனால் பளிச் பளிச்சென்று மின்னல். ஒரு கையில் மண்வெட்டியோடு வாய்க்காலைத் தாண்டுகிறவருக்கு அந்த மின்னலில் கால் வைக்கும் இடமும் தெரியாது, அங்கே ஏதாவது அசைந்தாலும் தெரியாது. அதை மாற்றப் பொத்தானை அழுத்தினால் எஸ்ஓஎஸ், இன்னொரு முறை அழுத்தினால் முழு வெளிச்சம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். அந்தப் பழக்கம் முழு வெளிச்சத்தில் நொடியில் போய்விடும். ஒழுங்கான வடிவமைப்பில் டார்ச் குறைந்த வெளிச்சத்திலோ, கடைசியாகப் பயன்படுத்திய நிலையிலோ எரியத் தொடங்கும். மின்னும் நிலை இந்தச் சுற்றுக்கு வெளியே இருக்கும், பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் மட்டுமே வரும்.

நிலைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பதும் சாதாரண விஷயமில்லை. வெளிச்சத்தைப் பாதியாக்கினால் கண்ணுக்கு அது பாதியாகத் தெரியாது, கொஞ்சம் மங்கியதுபோலத்தான் தெரியும். நூற்றுக்கு நூறு, ஐம்பது, இருபத்தைந்து என்று மூன்று நிலை வைத்தால் பெட்டியில் மூன்று என்று அச்சிடலாம். நடப்பவருக்கு உருப்படியாக ஒன்றரைதான். இதில் மிகவும் உதவுவது மிகக் குறைந்த நிலை. 2,500 மில்லி ஆம்பியர் மணி உள்ள ஒரு பேட்டரி ஒரு ஆம்பியர் இழுத்தால் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதே பேட்டரி 50 மில்லி ஆம்பியரில், கணக்குப்படி, 50 மணி நேரம் வரும். காலடியைப் பார்க்க அந்த வெளிச்சம் போதும். ஆனால் பெட்டியில் அச்சாகும் மணி நேரம் எந்த நிலைக்கு உரியது என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. முழு வெளிச்சத்தின் தூரத்தையும் குறைந்த வெளிச்சத்தின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால், இரண்டும் சேர்ந்தே கிடைக்கும் என்றுதான் வாங்குபவர் நம்புவார். அமெரிக்காவில் 2009 முதல் இருக்கும் எஃப்எல் 1 என்ற அளவுமுறைப்படி, டார்ச்சைப் போட்டு 30 நொடி கழித்தே லூமனை, அதாவது வெளிச்சத்தின் அளவை, அளக்கிறார்கள். வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைதான் எரியும் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். விரலளவு டார்ச்சில் 10,000 லூமன் என்று போட்டிருந்தால் அது பொய். அந்த வெளிச்சத்துக்கு ஏறத்தாழ 70 வாட்டுக்கு மேல் வேண்டும். அதை அந்தப் பேட்டரியாலும் தர முடியாது, அந்த உடம்பாலும் தாங்க முடியாது. 18650 வகை பேட்டரியில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருப்பதும் பொய்தான். அந்த அளவில் 4,000ஐ எட்டுவதே அரிது.

மின்னும் ஒளியால் உடல்நலச் சிக்கலும் இருக்கிறது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை போல மாறி மாறி மின்னின. அறுநூற்றுக்கும் மேற்பட்டோரை, பெரும்பாலும் குழந்தைகளை, மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு நொடிக்கு 15 முதல் 25 முறை மின்னும் ஒளி மிக ஆபத்தானது. பல டார்ச்சுகளின் மின்னல் நிலை இதற்கு அருகில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மின்னலும் உண்டு. குறைந்த வெளிச்சத்தைத் தர மலிவு டார்ச்சுகள் எல்இடியை வேகமாகப் போட்டுப் போட்டு அணைக்கின்றன. அது நொடிக்குச் சில ஆயிரம் முறை நடந்தால் தொல்லையில்லை. நூறு, இருநூறு முறை என்றால் தலைவலியும் கண் சோர்வும் வரலாம். கடையிலேயே சோதித்துவிடலாம். டார்ச்சைக் குறைந்த நிலையில் வைத்து, வெளிச்சத்தில் விரல்களை விரித்து வேகமாக ஆட்ட வேண்டும். விரல்கள் தொடர்ச்சியாகத் தெரியாமல் துண்டு துண்டாகத் தெரிந்தால் அது மெதுவாக மின்னும் டார்ச். பிறகு அதை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி போட்டால் எந்த நிலையில் எரிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இருநூறு ரூபாய் டார்ச்சில் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று விற்பவர்கள் கேட்பார்கள். எதிர்பார்க்கலாம். மின்னல் நிலையைச் சுற்றிலிருந்து விலக்குவதும், குறைந்த வெளிச்சத்தில் தொடங்க வைப்பதும் பெரும்பாலும் சிப்பில் எழுதும் சில வரிகள்தான். அவற்றைத் தவறாக எழுதினாலும் சரியாக எழுதினாலும் ஏறத்தாழ ஒரே செலவுதான். தற்காப்புக்கு மின்னல் வேண்டும் என்று சொல்பவர்களின் தேவையும் நியாயமானதே. அதனால்தான் அது நினைத்தவுடன் வரும்படி தனியாக இருக்க வேண்டும். நான்காவது அழுத்தலில் வருவது ஆபத்து நேரத்தில் உதவாது, மற்ற நேரத்தில் தொந்தரவு.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் தரம், அளவு, திறன் ஆகியவற்றை அறியும் உரிமையை வாங்குபவருக்குத் தருகிறது. அதன் 84ஆம் பிரிவின்படி, வடிவமைப்பே குறைபாடுள்ளதாக இருந்தாலும், சரியான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாமல் விற்றாலும், அதனால் வாங்கியவருக்குக் காயம் ஏற்பட்டால் உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும். காயம் இல்லாவிட்டாலும், பொய்யான லூமன் கணக்கு நேர்மையற்ற வணிக நடைமுறை என்று புகார் செய்யலாம். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, புகார் எண் இவை இல்லையென்றால் அது எடையளவுச் சட்ட விதிமீறல். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் சொல்லலாம். லித்தியம் பேட்டரியில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் ஆர் (R) என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் உண்மையானதா என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் பார்க்கலாம்.

இவ்வளவு சின்னத் தொகைக்கு யார் அலைவது என்ற தயக்கம் புரிகிறது. முதல் படிக்கு அலைச்சலே இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது. இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணமில்லை, குறை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஒரே டார்ச் பலருக்கும் இதே தொல்லை தந்தால் மாவட்ட ஆட்சியரிடமும் எழுதிக் கொடுக்கலாம். பில், பெட்டி, அதில் அச்சிட்ட லூமனும் மணி நேரமும் தெரியும் படம் மூன்றையும் வைத்திருங்கள். டார்ச் சரியில்லை என்று மட்டும் புகாரில் எழுதாமல், அணைத்துப் போட்டால் தானாக மின்னும் நிலைக்குப் போகிறது, எட்டு மணி நேரம் என்று அச்சிட்டும் முழு வெளிச்சம் இரண்டு மணி நேரத்தில் போய்விட்டது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.