கேட்பதால் கெடுதல் இல்லை

பள்ளியில் ஒருவர் மயங்கி விழுந்தால் முதலுதவி செய்யத் தெரிந்தவர் இருக்கிறார். தீப்பிடித்தால் அணைக்கத் தெரிந்தவர் இருக்கிறார். ஆனால், மனம் ஒடிந்து, ‘இனி வாழ்ந்து என்ன பயன்?’ என்று எண்ணும் மாணவி ஒருத்தியைக் கண்டால் என்ன செய்வது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதையும் கற்றுக்கொள்ள முடியும்.

மாரடைப்பு கண்டவருக்குச் செய்யும் முதலுதவியைப் போல, சாக நினைப்பவருக்கும் ஒரு முதலுதவி வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் பால் க்வின்னெட் கருதினார். 1995-ஆம் ஆண்டில் அவர் வகுத்த முறையில் மூன்று படிகள் உண்டு: கேட்டல், இணங்கவைத்தல், தக்கவரிடம் ஒப்படைத்தல். இதைக் கற்க மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. ஆசிரியை மட்டுமன்றி, விடுதிக் காப்பாளர், எழுத்தர், ஆயா, காவலாளி, பேருந்து ஓட்டுநர் அனைவரும் கற்கலாம்; கற்கவும் வேண்டும். ஒரு பெண் யாரிடம் மனம் திறப்பாள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதல்லவா?

முதலில் கவனிக்க வேண்டும். கலகலப்பாக இருந்தவள் ஒதுங்குவது, உணவும் உறக்கமும் குறைவது, மதிப்பெண் திடீரெனச் சரிவது, பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, “நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி” என்று பேசுவது ஆகியன அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டவுடன் முடிவு கட்டிவிடக் கூடாது, விசாரிக்க வேண்டும்.

தனியே அழைத்து, பதற்றமின்றி, “செத்துவிடலாம் போலத் தோன்றுகிறதா அம்மா?” என்று நேராகவே கேட்க வேண்டும். ‘இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ!’ என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 பேரிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. இக்கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மன வேதனையோ சாகும் எண்ணமோ அதிகமாகவில்லை.

பதில் வரும்போது, “இதெல்லாம் ஒரு கவலையா?” என்று அதட்டாமல், குறுக்கிடாமல் கேட்க வேண்டும். உதவி பெற அவளை இணங்கவைக்க வேண்டும். தலைமையாசிரியை, பெற்றோர், மனநல மருத்துவர் ஆகியோரிடம் சேர்ப்பிக்கும்வரை அவளைத் தனியே விடலாகாது. வீடே துன்பத்துக்குக் காரணமாயின், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் வாக்களித்துவிடக் கூடாது.

இப்பயிற்சி மட்டும் போதுமா? போதாது என்கிறது 2015-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு. 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,000-க்கும் மேற்பட்ட மாணவ மாணவியரிடையே அது நடைபெற்றது. பள்ளிப் பணியாளருக்கு மட்டும் பயிற்சி தந்த பள்ளிகளில் தற்கொலை முயற்சிகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மாணவரே மனநலம் பற்றிக் கலந்து பேசி, நடித்துப் பார்த்துப் பழகிய பள்ளிகளில், ஓராண்டில் அவை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. இதில் வியப்பில்லை. ஆசிரியைக்கு எட்டாத செய்தி அடுத்த இருக்கைத் தோழிக்கு எட்டிவிடுகிறதே!

ஆகவே, மாணவியரே! உங்கள் தோழி இப்படிப்பட்ட எண்ணத்தைச் சொல்லி, “யாரிடமும் சொல்லாதே” என்று கெஞ்சினாலும், அது காக்கத் தக்க இரகசியம் அன்று. அன்றே, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அவள் கோபித்துக்கொள்ளலாம், கோபம் ஆறிவிடும், உயிர் போனால் வராது. உங்களுக்கே அவ்வெண்ணம் தோன்றினாலும் சொல்லத் தயங்காதீர்கள். 2022 முதல் இயங்கும் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பெற்றோரே! மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திடும் முன் மகளின் முகத்தை ஒருமுறை பாருங்கள். அது வாடியிருந்தால், காரணத்தை அன்போடு கேளுங்கள். கேட்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை.