அந்த ஓட்டையை அடைக்காதீங்க சார்!

பாய்மரப் படகுக்கு எதற்கய்யா இன்ஜின்? நியாயமான கேள்விதான். காற்று இலவசம், டீசல் காசு. ஆனால் காற்றுக்கு ஆபீஸ் டைம் கிடையாது. மத்தியானம் திடீரென்று லீவு போட்டுவிடும். துறைமுகத்துக்குள் சரக்குக் கப்பல்களுக்கு ஒதுங்கி வரவும், பாட்டரி சார்ஜ் ஏற்றவும் ஒரு சின்ன டீசல் இன்ஜின் இல்லாமல் முடியாது. இன்ஜின் என்றால் சூடு. சூட்டைத் தணிக்க சுற்றிலும் கடல் இருக்கவே இருக்கிறது.

படகின் அடியில் ஒரு வால்வு. அதன் வழியே கடல் தண்ணீர் உள்ளே வந்து, பாசி, பிளாஸ்டிக் எல்லாம் வடிகட்டிக்குத் தட்சிணையாகக் கொடுத்துவிட்டு ஒரு பம்புக்குள் போகிறது. பம்பின் உள்ளே வளையும் ரப்பர் இதழ்களோடு இம்பெல்லர் என்று ஒரு பூ. அது சுழன்று தண்ணீரைத் தள்ள, அந்தத் தண்ணீர் இன்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து படகின் பின்பக்கம் 'பொளக் பொளக்' என்று வெளியே துப்பப்படுகிறது. ஸ்டார்ட் செய்ததும் அனுபவசாலிகள் மீட்டரைப் பார்க்க மாட்டார்கள், பின்னால்தான் எட்டிப் பார்ப்பார்கள். துப்பினால் சௌக்கியம்.

சென்னைத் துறைமுகத்துக்குள் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் மிதக்கும் ஒரு படகில் என் நண்பருக்குப் பங்கு. பாங்க்கில் வி.ஆர்.எஸ். வாங்கியவர். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஃபிளாட் வாங்கினார்கள், இவர் மிதக்கிற ஒன்றை வாங்கினார்.

போன மாதம் அந்தப் பம்பின் அடியில் சொட்டு விழ ஆரம்பித்தது. பம்பின் உடம்பில் தீக்குச்சித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை. அதிலிருந்துதான் சொட்டு. நண்பர் அடுத்த வேளையே எம்-சீல் பாக்கெட்டோடு வந்துவிட்டார். பிசைய வேண்டியதுதான் பாக்கி. நல்ல வேளை, காசிமேட்டிலிருந்து வரச் சொல்லியிருந்த மெக்கானிக் அப்போது வந்து சேர்ந்தார்.

"சார், இன்னா பண்றீங்க? அத்த அடைக்காதீங்க! அது ஓட்ட இல்ல சார், வாயி. பம்பு அது வழியாத்தான் பேசும்."

கதை இதுதான். இந்த மாதிரிப் பம்பின் ஷாஃப்டுக்கு ஒரு முனையில் உப்புத் தண்ணீர், மறுமுனையில் இன்ஜின் ஆயில். இரண்டும் சந்திக்கவே கூடாது. அதனால் நடுவே முதுகோடு முதுகாக இரண்டு ரப்பர் சீல். ஒன்று தண்ணீரைத் தடுக்கும், மற்றது ஆயிலைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் காலி இடம். அந்த இடத்தின் தரையில்தான் அந்த ஓட்டை. தண்ணீர் சொட்டினால் தண்ணீர் சீல் போச்சு. ஆயில் சொட்டினால் ஆயில் சீல் போச்சு. நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது. தீர்ப்பு ரெடி.

"சரிப்பா, அடைச்சா என்ன ஆகும்?" என்றார் நண்பர், பாக்கெட்டை விடாமல்.

"வெளிய போவ வழியில்லாத தண்ணி ஆயிலுக்குள்ள போவும் சார். அப்பால ஆயிலு காப்பி கலருக்கு வந்துடும். பேரிங்கு காலி. இஞ்சினே காலி."

பி.காம். படித்த எனக்கு உடனே விளங்கியது. டிரயல் பாலன்ஸ் டேலி ஆகாதபோது வித்தியாசத்தைச் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவோமே, அதே டெக்னிக்! ஆடிட்டர் வரும்வரை நிம்மதி.

காரில் போகிறவர்களுக்கு ஒரு தகவல். பெரும்பாலான கார்களின் வாட்டர் பம்பிலும் இதே போல ஒரு ஓட்டை உண்டு.

வேலை ஆரம்பித்தது. முதல் காரியம், அடி வால்வை மூடுவது. மூடாமல் பம்பைக் கழற்றினால் வங்காள விரிகுடா உள்ளே வந்து உட்காரும். மூடியைத் திறந்து இம்பெல்லரை உருவி, இதழ்களை எண்ணினார். ஒன்று குறைந்தது. காணாமல் போன துண்டு அடுத்த பைப்பின் வளைவில் சிக்கியிருந்தது. அதைத் தேடி எடுக்காமல் விட்டால் அது தண்ணீர் வழியை அடைத்து, புது சீல் போட்டும் இன்ஜின் கொதிக்கும்.

அப்புறம் சர்க்கிளிப்பைக் கழற்றி, ஷாஃப்டைத் தட்டி வெளியே எடுத்து, பழைய சீலைக் கொக்கியால் நெம்பினார். சீலின் முதுகில் மூன்று நம்பர்கள். ஷாஃப்ட் கனம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். அதைக் குறித்துக்கொண்டு பிராட்வே பக்கம் பேரிங் கடைகளுக்குப் போனோம். ஒரே ஒரு கண்டிஷன்: சீலுக்குள் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். சாதா ஸ்பிரிங் உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து அறுந்துவிடும்.

இந்த சீலின் பூர்வீகம் சுவாரசியம். ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊரில் ஃப்ராய்டன்பெர்க் என்ற தோல் பதனிடும் கம்பெனி 1929-ல் தோலில் சீல் செய்யத் தொடங்கியது. 1930-களில் வால்டர் சிம்மர் என்ற இன்ஜினியர் அதை மேம்படுத்த, அவர் பெயரிலேயே 'சிம்மரிங்' என்று பிரபலமாயிற்று. ரப்பர் வந்தது அப்புறம்தான். ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

கடையிலிருந்து வந்ததும் புது சீலை மாட்டிவிடுவார் என்று பார்த்தால், மெக்கானிக் ஷாஃப்டை எடுத்து நகத்தால் நீவினார். ஓரிடத்தில் நகம் தட்டியது. இத்தனை வருடம் ரப்பர் உதடு உரசிய இடத்தில் மெலிசாக ஒரு பள்ளம். ரப்பர் இரும்பைத் தின்னுமா? உப்பு உதவினால் தின்னும். கசிந்த தண்ணீர் காய்ந்து உப்புத் தூளாகி, உதட்டுக்கடியில் மணல் தாள் மாதிரி தேய்க்கிறது. அதே பள்ளத்தின் மேல் புது சீலை உட்கார வைத்தால் சீக்கிரமே மறுபடி சொட்டு. அதனால் ஒரு மில்லிமீட்டர் தள்ளி, உதடு வழவழப்பான இடத்தில் படும்படி உட்கார வைத்தார். தள்ள இடம் இல்லாவிட்டால் ஷாஃப்டுக்கு மெல்லிய சட்டை போடவேண்டும், அல்லது புது ஷாஃப்ட்.

ஸ்பிரிங் உள்ள பக்கம் தண்ணீரைப் பார்க்க வேண்டும். சரியான அளவு சாக்கெட்டை மேலே வைத்து, கோணாமல் அழுத்த வேண்டும். ஷாஃப்டின் முனை உதட்டைக் கிழிக்காமலிருக்க டேப் சுற்றி நுழைத்தார். இம்பெல்லரும் புதிது, கிளிசரின் தடவி. மூடிக்கடியில் பழைய கனத்திலேயே பேக்கிங்.

வால்வைத் திறந்து ஸ்டார்ட். பின்னால் 'பொளக்'. ஓட்டைக்கு நேர் கீழே ஒரு நியூஸ்பேப்பர் துண்டை விரித்து, மூன்று பேரும் கிரிக்கெட் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிடம். பேப்பர் நனையவில்லை. டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலையும் பார்த்தார். கருப்புத்தான், காப்பி இல்லை.

மெக்கானிக் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு, பிரிக்காத எம்-சீலை நண்பர் கையிலேயே திணித்தார்.

"வூட்ல குழா ஒழுவுனா ஆவும் சார்."