பூட்டுப் போட்ட மின்நூல்

"மின்நூல்னா எத்தனை பேர் வேணும்னாலும் படிக்கலாமே!" என்று நம் மாணவ நண்பர்கள் பலர் நினைக்கிறார்கள். அதுதான் இல்லை.

காகிதப் புத்தகம் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க முடியும். மின்நூலுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனாலும் பதிப்பகங்கள் கல்லூரி நூலகங்களுக்குப் பெரும்பாலும் விற்பது புத்தகத்தை அல்ல, படிக்கும் உரிமையை. ஒருவர் உரிமை, மூவர் உரிமை, வரம்பற்ற உரிமை என்று விலை ஏறிக்கொண்டே போகும். ஒருவர் உரிமை மட்டும் வாங்கிய நூலகத்தில், பரீட்சைக்கு முதல் நாள் வகுப்பே ஒரு நூலைத் தேடினால் முதலில் திறந்தவருக்கு யோகம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். அச்செடுக்கவும் பக்கக் கணக்கு உண்டு. இல்லாத பற்றாக்குறையைக் காசு கொடுத்து வாங்குகிற கூத்து இது!

சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், நூலக விதிகளைப் பற்றி 1931-ல் வெளியிட்ட நூலில், ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததைச் சொல்கிறார். அந்தச் சங்கிலி இப்போது மென்பொருளாகி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பூட்டு இல்லாமலும் நடத்த முடியும். 2020 ஊரடங்கின்போது ஸ்பிரிங்கர் நிறுவனம் 400-க்கும் மேற்பட்ட பாடநூல்களை ஜூலை இறுதி வரை இலவசமாகத் திறந்துவிட்டது. பி.டி.எஃப். கோப்பாக இறக்கிக்கொண்டால் பிறகு நெட் தேவையில்லை. மீஞ்சூரில் ஏறி கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு அப்ரண்டிஸாகப் போகிற நம்ம பையனுக்கு இதன் அருமை தெரியும். டவர் போனாலும் லோக்கல் டிரெயினில் படிக்கலாமே!

அரசு என்ன செய்கிறது? 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். ஆனால் அது ஆய்விதழ்களுக்கானது, பாடநூலுக்கு அல்ல. நமக்கு நேரடியாக உதவுவது ஏ.ஐ.சி.டி.இ.யின் இ-கும்ப் தளம். டிப்ளமோ பாடநூல்கள் தமிழிலும் உண்டு. யாரும் இறக்கிக்கொள்ளலாம், ஆள் கணக்கு இல்லை. மாதிரிப் பாடத்திட்டப்படி எழுதியவை என்பதால் நம்ம சிலபஸோடு அத்தியாயங்கள் அப்படியே பொருந்தாது. ஆசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை நூலகத்துக்கு மின்நூல் சந்தா பேசும்போது, எத்தனை தலைப்பு என்று மட்டும் கேட்டால் போதாது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம், அத்தியாயத்தை இறக்கிக்கொள்ளலாமா, சந்தா முடிந்த பிறகு என்ன மிஞ்சும் என்று கேட்கும்படி நம் பேரவைச் செயலாளர் நூலகரிடம் எழுதிக் கொடுக்கலாம்.