மின்விசிறிக்கு இன்று விடுமுறை

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு மெதுவாக உள்ளே வாருங்கள். மேற்கு மாம்பலத்தில் இரண்டாம் மாடி. நாளைக் காலை நண்பர் வீடு மாறுகிறார். ஹாலில் கிடக்கும் பாத்திர மூட்டைகளைத் தாண்டி நேராகக் கடைசி அறைக்குப் போவோம். ஒரு குட்டி விமானப்படையும் ஒரு கப்பலும் அங்கே பெட்டிக்குள் போகக் காத்திருக்கின்றன!

உள்ளே நுழைந்ததும் வேர்த்துக் கொட்டுகிறது. மின்விசிறி ஓடவில்லை. போட்டால் மேஜையில் இருக்கும் பிளாஸ்டிக் மாடல்களின் கடுகளவு பாகங்கள் எந்த மூலைக்குப் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. நண்பர் கழுத்தில் துண்டு. சொட்டு வியர்வை மாடல் மேல் விழுவதற்குள் மகள் ஓடி வந்து அவர் நெற்றியைத் துடைக்கிறாள். "அப்பா, அசையாதீங்க!" அதட்டல் வேறு.

முதலில் நேட் விமானம். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்திப் பெயர் வாங்கியதே, அதுதான். 72-இல் ஒரு பங்கு அளவு என்பதால் மூக்கிலிருந்து வால் வரை சுமார் 12 சென்டிமீட்டர். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ஒடியக்கூடிய மூக்குக் குழாயைக் கழற்றி ஜிப் கவரில் போட்டுப் பெயர் எழுதுகிறார். பபுள் ராப்பை நான் ஆசையாக எடுத்து நீட்டினேன். "அது வெளிப்பெட்டிக்குத்தான். பெயின்ட் மேலயே சுத்தி வருஷக்கணக்கா வெச்சா வட்ட வட்டமா தடம் விழுந்துடும்." மாடலைத் தொடும் காகிதம் அமிலம் இல்லாத டிஷ்யூ மட்டும்தான்.

அடுத்து டைட்டானிக். 350-இல் ஒரு பங்கு, அப்படியும் முக்கால் மீட்டருக்கு மேல்! பாய்மரக் கம்பத்திலிருந்து ஓடும் கம்பிகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மாடல் பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி, இளகியதும் இழுத்தால் முடி போல நீளுமாம். அப்படி இழுத்தவைதான் இத்தனையும். மூச்சுக் காற்றுக்கே ஆடுகின்றன. இதை எதால் சுற்றுவது? எதாலும் இல்லை. கப்பலின் அடிப்பாகத்தைப் பலகையில் திருகி, பலகையைப் பெட்டியின் தரையில் திருகிவிடுகிறார். சுற்றிலும் வெறும் காற்று. உடையும் பொருளுக்குப் பஞ்சுமெத்தையை விடப் பிடிமானமே பாதுகாப்பு என்பதைக் கண்ணால் பார்த்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

பெட்டி பார்க்க வந்த பேக்கர்ஸ் தம்பி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "என்ன சார், காலிப் பெட்டியா?" அறையே சிரித்தது. அந்தப் பெட்டிகள் லாரியில் ஏறாது. காரில், மடியில்தான் பயணம்.

பழைய டாங்க் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். ரப்பர் போன்ற வினைல் சங்கிலி, சக்கரத்தைத் தொட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக் இளகிக் குழி விழுந்து பிசுபிசுக்கிறது. ஆண்டுகள் போகப் போக அந்த மென்மையான வினைல் செய்யும் வேலை. சங்கிலிகளைக் கழற்றித் தனிக் கவரில் போட்டாயிற்று.

அந்த நேரம் பார்த்து நண்பரின் அம்மா ஒரு பிடி அந்துருண்டையோடு வந்தார். "பூச்சி வராதுடா."

"ஐயோ அம்மா, வேண்டாம்மா!" என்று நண்பர் எழுந்தே விட்டார். மாடல்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். நாப்தலீன் ஆவி அதை மெல்ல இளக்கிவிடும். அம்மா சளைக்கவில்லை. மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்தவர், அந்த டப்பாவையே கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தார். மெட்ராஸ் ஈரக்காற்றுக்கு அதுதான் சரியான மருந்து.

புது வீட்டில் பரண் உண்டு. ஆனால் மேலே மொட்டை மாடி; சித்திரை வெயிலில் அங்கே இறக்கையும் கம்பியும் வளைந்துவிடும். படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டு ஒதுக்கியாயிற்று.

உங்கள் வீட்டுப் பரணிலும் பிள்ளைகள் ஒட்டிய ஒரு விமானமோ கப்பலோ இருக்கிறதா? இன்றைக்கே கீழே இறக்குங்கள். பெட்டிக்குள் அந்துருண்டை கிடந்தால் முதலில் அதை எடுத்து வெளியே போடுங்கள்.