சட்டத்தைத் திருப்பிப் பிடித்த தளபதி

1861-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹாம்ப்டன் ரோட்ஸ் என்னும் நீர்ப்பரப்பைச் சிறு படகில் கடந்து மூன்று பேர் மன்றோ கோட்டையின் காவலர்களிடம் சரணடைந்தனர். பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்பன அவர்களின் பெயர்கள். மூவரும் அடிமைகள். எதிர்க்கரையில் கிளர்ச்சிப் படையினருக்காகப் பீரங்கி மேடை எழுப்பும் வேலையில் அவர்களை ஈடுபடுத்தியிருந்தார், அவர்கள்மீது உரிமை கொண்டாடிய கர்னல் சார்லஸ் மல்லரி. அடுத்ததாகக் குடும்பத்தைப் பிரித்துத் தெற்கே வட கரோலினாவுக்குக் கொண்டுசெல்லப்போகிறார்கள் என்று அறிந்ததும் படகை அவிழ்த்துவிட்டார்கள்.

கோட்டையின் தளபதி பெஞ்சமின் பட்லர் பொறுப்பேற்று ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அவர் தொழில்முறைப் படைவீரர் அல்லர்; மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகரத்து வழக்கறிஞர். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசும்போது நாம் லிங்கனையும் கிராண்டையும் நினைவுகூர்கிறோம். பட்லரை அமெரிக்கர்களேகூடப் பெரிதாகப் போற்றுவதில்லை. ஆயினும், அடிமைமுறையின் சட்ட அடித்தளத்தில் முதல் விரிசல் விழுந்தது அவருடைய மேசையில்தான் என்று நான் கருதுகிறேன்.

பட்லர் 1818-இல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை மேற்கிந்தியத் தீவுகளில் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார். தாய் லோவல் நகரின் பஞ்சாலைப் பெண்களுக்கான தங்கும் விடுதியொன்றை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். 1840-இல் வழக்கறிஞரான மகன், ஆலைத் தொழிலாளரின் பத்து மணி நேர வேலைக் கோரிக்கைக்குத் துணை நின்றார். கூலி பாக்கிக்காக வழக்குத் தொடுத்த ஓர் ஆலைப் பெண்ணுக்காக, ஆலையை இயக்கும் நீர்ச்சக்கரத்தையே ஜப்தி செய்ய அவர் ஆணை வாங்கினார் என்றொரு கதை அவரைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு. சக்கரம் நின்றால் ஆலையே நின்றுவிடும். பணம் உடனே வந்துவிடும்.

இவற்றைக் கொண்டு அவரை அடிமைமுறை எதிர்ப்பாளர் என்று எண்ணிவிடக் கூடாது. 1860-இல் சார்ல்ஸ்டனில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில், ஐம்பதுக்கும் மேற்பட்ட வாக்கெடுப்புச் சுற்றுகளில் அவர் ஆதரித்த குடியரசுத் தலைவர் வேட்பாளர் மிசிசிப்பியின் ஜெபர்சன் டேவிஸ். ஆம், பின்னர் கிளர்ச்சி அரசின் தலைவரான அதே டேவிஸ்தான். 1861 ஏப்ரலில் மாசசூசெட்ஸ் படையுடன் மேரிலாந்தில் இறங்கியபோது, அங்கே அடிமைகளின் கலகம் எழுமானால் அதை அடக்கத் தம் வீரர்களைத் தருவதாக அம்மாநில ஆளுநருக்கு அவர் எழுதினார். தம் சொந்த மாநில ஆளுநரிடம் இதற்காகக் கண்டனமும் பெற்றார். ஒரு மாதம் கழித்து அதே மனிதர் முன்தான் அந்த மூவரும் நின்றார்கள்.

மறுநாள் கர்னல் மல்லரியின் பிரதிநிதியாக மேஜர் கேரி சமாதானக் கொடியுடன் வந்தார். அவருடைய வாதம் எளியது: தப்பியோடிய அடிமையை உரியவரிடம் திருப்பித் தருவது அரசியல் சாசனக் கடமை, 1850-ஆம் ஆண்டின் சட்டம் அதை வலியுறுத்துகிறது. அக்காலத்தில் வடக்கின் படை அதிகாரிகள் சிலர் அவ்வாறே திருப்பி அனுப்பிக்கொண்டும் இருந்தனர். பட்லரின் மறுமொழியோ முழுக்க முழுக்க நீதிமன்றப் பாணியில் அமைந்தது. வர்ஜீனியா தன்னை அயல்நாடு என்று அறிவித்துக்கொண்டுவிட்டது. அயல்நாட்டின்மீது அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. மேலும், அடிமைகள் சொத்து என்று நீங்களே சொல்கிறீர்கள். பகைவன் போருக்குப் பயன்படுத்தும் சொத்தைக் கைப்பற்றிக்கொள்ளப் போர்ச் சட்டம் இடமளிக்கிறது. எனவே இவர்கள் கைப்பற்றப்பட்ட போர்த் தடைப்பொருள். வேண்டுமானால் மல்லரி இங்கே வந்து அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கட்டும், மூவரையும் அழைத்துப்போகலாம்.

இந்த வாதத்தின் கூர்மையை எத்தனை முறை வியந்தாலும் தகும். எதிரி வீசிய வாளைப் பிடித்து அவனையே வெட்டிய செயல் அது. ஆனால் அதன் இறுதி வாக்கியத்தையும் மறக்கக் கூடாது. மல்லரி பிரமாணம் எடுத்திருந்தால் அந்த மூவரும் மீண்டும் அடிமைகளாகத் திரும்பியிருப்பார்கள். மனிதன் சொத்து என்ற கொடிய கருத்தை பட்லர் மறுக்கவில்லை. அதை ஏற்றுக்கொண்டுதான் அவர்களைக் காப்பாற்றினார்.

செய்தி பரவியது. சில நாள்களுக்குள் ஆண்கள் மட்டுமன்றி முதியோரும் கைக்குழந்தை ஏந்திய தாய்மாரும் கோட்டை வாயிலில் வந்து நின்றார்கள். பீரங்கி மேடை கட்டிய ஆணைப் போர்ப்பொருள் என்று சொல்லிவிடலாம். மூன்று வயதுக் குழந்தையை எந்தச் சட்ட நூலைக் கொண்டு போர்ப்பொருள் என்பது? ஜூலை 30 அன்று போர்த்துறை அமைச்சர் கேமரனுக்கு பட்லர் எழுதிய கடிதம், என் பார்வையில், அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆவணம். தம் பொறுப்பில் 900 பேர் இருப்பதாகவும், அவர்களில் உடலுழைப்புக்குத் தக்க ஆண்கள் 300 பேர் மட்டுமே என்றும், 175 பேர் பெண்கள், 225 பேர் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் அவர் கணக்குக் கொடுத்தார். பிறகு கேட்டார்: இவர்கள் சொத்தா? உரிமையாளர்கள் கைவிட்டுச் சென்ற சொத்து என்றால், அதை மீட்டெடுத்த நாம் அப்படியொரு சொத்தை வைத்துக்கொள்ள விரும்பாதபோது, அந்தச் சொத்துரிமையே அற்றுப்போகவில்லையா? அதன்பின் அவர்கள் மனிதர்கள்தாமே? இரண்டே மாதங்களில் அந்த வழக்கறிஞரின் வாதம் அவரையே வேறிடத்துக்கு இட்டுச்சென்றிருந்தது. அங்கே அவரைத் தள்ளியவர்கள் கோட்டை வாயிலில் நின்ற மக்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகஸ்ட் 6-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய முதல் பறிமுதல் சட்டம், கிளர்ச்சிப் படைக்கு வேலை செய்விக்கப்பட்ட அடிமைகள்மீது உரிமையாளருக்கு இருந்த கோரிக்கையை ரத்து செய்தது. விடுதலைப் பிரகடனம் வர 1863 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மன்றோ கோட்டை அமைந்துள்ள முனை, 1619-இல் ஆங்கிலேய வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்க அடிமைகள் கொண்டுவந்து இறக்கப்பட்ட அதே பாயின்ட் கம்பர்ட்.

பட்லரின் பெயரைக் கெடுத்தது நியூ ஆர்லியன்ஸ். 1862 மே மாதம் அந்நகரின் ஆட்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது. வடக்கு வீரர்களை அவமதிக்கும் பெண்கள் விலைமகளிராகவே நடத்தப்படுவர் என்ற அவருடைய 28-ஆம் எண் ஆணை, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை கண்டனத்துக்குள்ளானது. அமெரிக்கக் கொடியை இறக்கிக் கிழித்த வில்லியம் மம்போர்டைத் தூக்கிலிட்டார். அவருடைய சகோதரர் அங்கே வணிகத்தில் பெரும்பணம் குவித்தார். பட்லரே வெள்ளிக் கரண்டிகளைத் திருடினார் என்ற வசை அவர் சாகும்வரை நீங்கவில்லை. டேவிஸ் அவரைப் பிடித்தால் உடனே தூக்கிலிட வேண்டிய குற்றவாளி என்று அறிவித்தார். மறுபக்கத்தில், அவர் தெருக்களையும் கால்வாய்களையும் துப்புரவாக்கினார், கப்பல்களைத் தனிமைப்படுத்தினார், ஆண்டுதோறும் அந்நகரை வாட்டிய மஞ்சள் காய்ச்சல் அவ்வாண்டு ஏறத்தாழத் தலைகாட்டவில்லை. தந்தையைப் பறித்த நோய் அது என்பதை எண்ணிப்பார்க்கிறேன்.

போர்க்களத்தில் அவர் சாதித்தது குறைவு. 1864 டிசம்பரில் பிஷர் கோட்டையைக் கைப்பற்றத் தவறியதும் பதவியிழந்தார். ஆனால் அதற்குச் சற்று முன்பு, செப்டம்பர் 29-இல் நியூ மார்க்கெட் ஹைட்ஸ் குன்றில் அவருடைய கறுப்பின வீரர்கள் பேரிழப்புக்கிடையே எதிரியின் அரண்களைக் கைப்பற்றினர். அன்று கண்ட பிணங்களின் முன் தாம் மனத்துக்குள் ஏற்ற உறுதியைப் பத்தாண்டுகளுக்குப் பின் நாடாளுமன்றத்தில் நினைவுகூர்ந்தார். அதை வெறும் மேடைப்பேச்சு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் இடைப்பட்ட காலத்தில் அவர் கு கிளக்ஸ் கிளான் வன்முறைக்கு எதிரான 1871-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக உழைத்திருந்தார். விடுதிகளிலும் ரயில்களிலும் நிறவேறுபாட்டைத் தடைசெய்த 1875-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவையில் நிறைவேறவும் அவரே முன்னின்றார்.

1868-இல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன்மீதான பதவிநீக்க விசாரணையைத் தொடங்கிவைத்து வாதாடியவரும் பட்லர்தான். ஒரே வாக்கு குறைவால் அது தோற்றது. கட்சி மாறுவதில் அவருக்குக் கூச்சமில்லை. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி, காகிதப் பண ஆதரவாளர் கட்சி என எல்லாவற்றிலும் இருந்தார். பல முறை முயன்று 1883-இல் மாசசூசெட்ஸ் ஆளுநரானார். ஆளுநர்களுக்கு மரபாக அளிக்கும் கௌரவப் பட்டத்தை ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்கு மறுத்தது.

1875-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அந்த 1883-இல்தான். ஓராண்டே நீடித்த தம் பதவிக்காலத்துக்குள், சார்ல்ஸ்டவுன் நகர நீதிமன்றத்துக்கு ஜார்ஜ் ரபின் என்னும் கறுப்பின வழக்கறிஞரை பட்லர் நீதிபதியாக நியமித்தார். அம்மாநிலத்தின் நீதிபதி இருக்கையில் அதுவரை கறுப்பினத்தவர் எவரும் அமர்ந்ததில்லை.